சுண்டைக்காய் பெல்ட்டும் சுமைகூலியும்: பழைய ஃபெராரியின் செலவு வரலாறு

ஃபெராரி எஃப்355 காரின் எஞ்சினில், உள்பக்கம் பல் வைத்த இரண்டு ரப்பர் பெல்ட்கள் இருக்கின்றன. டைமிங் பெல்ட் என்பார்கள். சுருட்டினால் ஒரு மஞ்சப்பைக்குள் அடங்கிவிடும். ஆனால் அவற்றை மாற்ற வேண்டுமென்றால், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அவை உட்கார்ந்திருக்கும் சட்டத்தோடு சேர்த்துக் காரிலிருந்து கீழே இறக்க வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். கார் ஓடினாலும் சரி, ஷெட்டில் துணி போர்த்தி நின்றாலும் சரி, சில வருடங்களுக்கு ஒரு தடவை இதைச் செய்தாக வேண்டும். 3 வருடம் என்பது பழைய விதி. 5 வருடம் வரை தாங்கும் என்பது இன்னொரு கட்சி.

அமெரிக்காவில் இந்த ஒரு சர்வீசுக்கு சாதாரணமாக 5,000 டாலரிலிருந்து 10,000 டாலர் வரை ஆகிறது. அதில் பெல்ட்டின் விலை சிறு பங்குதான். மீதியெல்லாம் இறக்குகூலி, ஏற்றுகூலி, இறக்கியபோது கண்ணில் பட்ட மற்ற வேலைகள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம்ம ஊரில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் ஃபெராரி வைத்திருப்பவன் இல்லை, வாங்கும் உத்தேசமும் வசதியும் இல்லை. பழைய இயந்திரங்கள் எப்படிப் பராமரிக்கப்பட்டன என்று படிப்பது பொழுதுபோக்கு, அவ்வளவுதான். அப்படிப் படிக்கும்போது இந்தப் பெல்ட் விஷயம் மனதில் ஒட்டிக்கொண்டது. ஒரு சாதாரணத் தேய்மானப் பொருளை மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும் என்ற நிலைமை எப்படி வந்தது? அந்த முடிவை எடுத்தவர்கள் யார்? பில்லைக் கட்டியவர்கள் யார்? இந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனால் சுமார் 50 வருட வரலாறு ஒன்று கிடைக்கிறது.

விலை இறங்கும், பில் இறங்காது

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். புதிதாக 1,30,000 டாலருக்கு ஒரு கார் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 8,000 டாலரில் ஒரு பெரிய சர்வீஸ் வருகிறது. கார் விலையில் அது சுமார் 6 சதவீதம். இந்த விலையில் கார் வாங்கியவருக்கு அது வலிக்காது.

அதே கார் 15 வருடம் கழித்து 45,000 டாலருக்குக் கைமாறுகிறது. இது கற்பனை இல்லை. 2010 வாக்கில் அமெரிக்கச் சந்தையில் எஃப்355 50,000 டாலருக்குள்ளேகூடக் கிடைத்தது. சர்வீஸ் பில் மட்டும் அதே 8,000. இப்போது அது கார் விலையில் கிட்டத்தட்ட 18 சதவீதம். அதைக் கட்டப் போகிறவரோ 1,30,000 டாலர் கொடுக்க முடிந்தவர் இல்லை. 45,000 கொடுக்க முடிந்தவர்.

காரின் விலை வயதோடு இறங்குகிறது. உதிரிபாக விலையும் மெக்கானிக்கின் மணிக்கூலியும் இறங்குவதில்லை. எஞ்சினுக்குத் தன்னை எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று தெரியாது. பழைய சொகுசுக் கார் வாங்கியவர்களின் துயரக் கதைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஒரே கணக்குதான் இருக்கிறது. யானையை யாராவது சும்மா கொடுத்தாலும், தீனிச் செலவு யானைக்கு உரியதுதான்.

பள்ளிக்கூடத்துக்குப் போன ஜிடிஓ

இன்று உலகிலேயே அதிக விலைக்குப் போகும் கார்களில் ஒன்று ஃபெராரி 250 ஜிடிஓ. 1962 முதல் 1964 வரை தயாரானவை மொத்தம் 36 கார்கள். 2018-ல் அமெரிக்காவின் மான்டெரேயில் நடந்த ஏலத்தில் ஒன்று 4.84 கோடி டாலருக்குப் போனது.

இதே 36 கார்களில் ஒன்று 1960களின் நடுவில் டெக்சாஸ் மாநிலத்தின் விக்டோரியா என்ற ஊரில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு அன்பளிப்பாகப் போய்ச் சேர்ந்தது. பையன்கள் மெக்கானிக் வேலை பழகுவதற்காக. ஊர் அணிவகுப்புகளிலும் அதை ஓட்டியிருக்கிறார்கள். 1972-ல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவரிடம் அந்தக் கார் ஒரு டிரெய்லர் மேல் வெட்டவெளியில் வெயிலும் மழையும் பட்டுக்கொண்டு பல வருடம் நின்றது.

இதைப் படித்ததும் ‘அடப்பாவிகளா, எப்பேர்ப்பட்ட காரை…’ என்றுதான் தோன்றும். ஆனால் அன்றைய நிலைமையில் வைத்துப் பார்த்தால் அவர்கள் செய்தது ஒன்றும் முட்டாள்தனம் இல்லை. பந்தயக் கார் என்பது அடுத்த சீசனிலேயே பழசாகிவிடும் பொருள். 12 சிலிண்டர் எஞ்சின், உதிரிபாகம் இத்தாலியில், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் பல நூறு மைல் தள்ளி. அப்படிப்பட்ட காரின் சந்தை விலை, அதைச் சரிசெய்யும் செலவைவிடக் கீழே போய்விட்டால் பொருளாதார ரீதியாக அது சுமை. அன்பளிப்பாகக் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்கூட. 1960களிலும் 70களிலும் பல ஃபெராரிகளுக்கு இதுதான் நடந்தது. எஞ்சின் பழுதானால் அதை மீட்டெடுப்பதைவிட வேறு எஞ்சின் ஒன்றைத் தூக்கிப் போடுவது மலிவாக இருந்தது.

ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இந்த ஜிடிஓவின் எஞ்சினில் கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றியது இரும்புச் செயின், பெல்ட் இல்லை. அதாவது பராமரிப்புச் சுமை பெல்ட்டோடு பிறந்ததில்லை. ஆனால் அதுவரை அந்தச் சுமை எதிர்பாராத செலவாக, எப்போதாவது வரும் பழுதாக இருந்தது. பெல்ட் வந்தபிறகு அது நாள் குறித்து வர ஆரம்பித்தது.

செயினிலிருந்து பெல்ட்டுக்கு

பெல்ட் என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. மேலே வால்வுகள் திறந்து மூடுகின்றன. இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் தாளம் தப்பாமல் நடக்க வேண்டும். பிஸ்டனோடு இணைந்த கிராங்க் ஷாஃப்ட்டையும் வால்வை இயக்கும் கேம் ஷாஃப்ட்டையும் இணைத்து இந்தத் தாளத்தைக் காப்பது டைமிங் செயின் அல்லது டைமிங் பெல்ட். எஃப்355-ல் 40 வால்வுகள். எஞ்சின் முழு சக்தியைக் கொடுப்பது நிமிடத்துக்கு 8,250 சுற்றில். அந்த வேகத்தில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு ஏறக்குறைய 69 தடவை திறந்து மூடும். பெல்ட் அறுந்தால் திறந்த நிலையில் நிற்கும் வால்வை பிஸ்டன் வந்து அடிக்கும். அதற்குப் பிறகு வருவது சர்வீஸ் பில் இல்லை, புது எஞ்சினுக்கான பேச்சுவார்த்தை.

கார் உலகில் பல் வைத்த ரப்பர் பெல்ட்டை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியது ஃபெராரி இல்லை. 1960களின் தொடக்கத்தில் வந்த கிளாஸ் 1004 என்ற சின்ன ஜெர்மன் கார்தான் அதற்கு முன்னோடி. அதைத் தயாரித்த கம்பெனியை 1966-ல் பிஎம்டபிள்யூ வாங்கிக்கொண்டது. அதே 1966-ல் இத்தாலியில் ஃபியட், 124 ஸ்போர்ட் காருக்கு இரட்டைக் கேம் ஷாஃப்ட் எஞ்சின் ஒன்றை பெல்ட்டோடு கொண்டு வந்தது. அதை வடிவமைத்தவர் அவுரேலியோ லாம்ப்ரெதி. 1951-ல் சில்வர்ஸ்டோனில் ஃபெராரிக்கு முதல் ஃபார்முலா ஒன் வெற்றியைத் தந்த எஞ்சினின் வடிவமைப்பாளரும் இவரேதான். 1955-ல் ஃபெராரியை விட்டு ஃபியட்டுக்குப் போனவர்.

ஃபியட் கோணத்தில் பார்த்தால் பெல்ட் அருமையான தீர்வு. விலை குறைவு, எடை குறைவு, சத்தம் இல்லை, எண்ணெய் தேவையில்லை. எஞ்சினின் முன்பக்கம் ஒரு மூடியைக் கழற்றினால் மெக்கானிக் சீக்கிரமே மாற்றிவிடலாம். நம்ம மாருதி 800-ல் இருந்ததும் இதே வகை பெல்ட்தான். ‘டைமிங் பெல்ட் மாத்தற டைம் ஆச்சு சார்’ என்று மெக்கானிக் சொன்னால் யாரும் வீட்டை அடமானம் வைக்கவில்லை.

1969-ல் ஃபெராரியின் பாதிப் பங்கை ஃபியட் வாங்கியது. 1973-ல் உற்பத்திக்கு வந்த இரண்டு புதிய ஃபெராரி எஞ்சின்களில், அதாவது 365 ஜிடி4 பிபியின் தட்டையான 12 சிலிண்டரிலும் டீனோ 308 ஜிடி4-ன் வி8-லும், செயினுக்குப் பதில் பெல்ட் வந்தது. குடும்பக் காருக்குக் கண்டுபிடித்த மலிவான, அமைதியான தீர்வு சூப்பர் காருக்குள் நுழைந்த தருணம் அது.

எஞ்சினைத் திருப்பி வைத்தார்கள்

308 வரிசையில் பெல்ட் பெரிய தொல்லை இல்லை. காரணம் எஞ்சின் குறுக்குவாட்டில் இருந்தது. பெல்ட் இருக்கும் பக்கம் காரின் பக்கவாட்டை நோக்கியிருக்கும். பின்சக்கரத்தைக் கழற்றினால் அந்த இடைவெளி வழியாக மெக்கானிக் கைவிட்டு வேலை பார்க்கலாம். இடுக்கான வேலைதான், ஆனால் எஞ்சின் காரிலேயே இருக்கும்.

1984-ல் வந்த டெஸ்டரோசாவில் 12 சிலிண்டர் எஞ்சினை முழுதாக இறக்கினால்தான் பெல்ட். அது உச்ச விலைக் கார் என்பதால் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. திருப்பம் வந்தது 1989-ல், 348-ல். அந்தக் காரில் வி8 எஞ்சினை 90 டிகிரி திருப்பி நீளவாக்கில் வைத்தார்கள். கியர்பாக்ஸ் குறுக்குவாட்டுக்குப் போனது. 348 டிபி என்ற பெயரில் உள்ள ‘டி’ அந்தக் குறுக்கு கியர்பாக்ஸைத்தான் குறிக்கிறது. இதனால் எஞ்சினைத் தாழ்வாக வைக்க முடிந்தது, எடை மையம் கீழே இறங்கியது. பொறியியல் ரீதியாக நல்ல முடிவு.

ஆனால் எஞ்சினைத் திருப்பியதும் பெல்ட் இருந்த பக்கம் எங்கே போனது? டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரை ஒட்டி. பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே கைபோக இடமில்லை. பக்கவாட்டு வழியும் இல்லை. ஒரே வழி எஞ்சினை இறக்குவது. அதற்கு வசதியாகச் சட்டத்தைக் கழற்றும்படி வடிவமைத்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதாவது இது கவனக்குறைவு இல்லை. தெரிந்தே செய்த பேரம். கார் வளைவில் இன்னும் நன்றாகத் திரும்பும், பட்டறையில் பில் இன்னும் பெரிதாகும்.

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இந்தப் பேரம் நன்றாகப் புரியும். ரிலீஸ் தேதிக்குள் முடிப்பதற்காக ஒரு குறுக்கு வழி எடுப்போம். டெமோ பிரமாதமாக இருக்கும். எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போனபிறகு ராத்திரி 2 மணிக்கு எழுந்து அதைச் சரிசெய்வது யாரோ ஒருவர். பராமரிப்பு எளிதாக இருக்கிறது என்பதற்காக ஷோரூமில் யாரும் கைதட்டுவதில்லை.

பில் யார் தலையில்?

1988 ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி இறந்தார். அதைத் தொடர்ந்து ஃபெராரி விலைகள் ஊகவணிகத்தில் தலைகால் புரியாமல் ஏறின. 348 வெளிவந்தது அந்த உச்சத்தில். கொஞ்ச நாளிலேயே குமிழி உடைந்தது. 1991 கடைசியில் ஃபெராரியின் தலைமைக்கு வந்த லூக்கா தி மோன்டெஸெமோலோ, 348-ஐ வெளிப்படையாகவே குறை சொன்னவர். அவர் காலத்தில் 1994-ல் வந்த எஃப்355, ஓட்டுபவர் உணரக்கூடிய ஏறக்குறைய எல்லாவற்றையும் சரிசெய்தது. கியர் மாற்றுவது இலகுவானது, ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும் மேம்பட்டன, எஞ்சின் 380 குதிரைசக்தியைத் தொட்டது. 1999 வரை 11,000-க்கு மேல் விற்றது. ஆனால் அடிப்படை அமைப்பு 348-ன் அமைப்புதான். பெல்ட் அதே சுவருக்குப் பின்னால்தான் இருந்தது.

இங்கே ஒரு சமூகச் சங்கிலி உருவானது. முதல் சொந்தக்காரர் ஓரிரு வருடம் ஓட்டிவிட்டு, பெரிய சர்வீஸ் வருவதற்கு முன் விற்றுவிடுவார். இரண்டாமவர் ஒரு தடவை செய்வார். அடுத்த தடவை வருவதற்குள் அவரும் விற்றுவிடுவார். மூன்றாமவர், நான்காமவரிடம் வரும்போது விலை எட்டிப்பிடிக்கும் அளவுக்கு வந்திருக்கும். இவர்களில் பலர் சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கியவர்கள். சர்வீஸுக்குத் தனியாகப் பணம் எடுத்து வைக்காதவர்கள். ‘இந்த வருஷம்தான் கார் ஓடவே இல்லையே, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்ற வாக்கியம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ரப்பருக்கு அது கேட்காது. ஓடாமல் நின்றாலும் வயசு ஆகும்.

எஞ்சினை இறக்கிய பிறகு இன்னொரு கதை. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தால் ஜன்னல், ஒயரிங், குளியலறைக் குழாய் என்று நீளுமே, அதே கதை. எஃப்355-ன் முதல் சில வருடக் கார்களில் வால்வு கைடுகள் வெண்கலம், சீக்கிரம் தேய்ந்தன. பிறகு எஃகுக்கு மாற்றினார்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள் வெடிப்பது பிரசித்தம். தண்ணீர் ஹோஸ்கள், கிளட்ச், டென்ஷனர் பேரிங்குகள். எஞ்சின் எப்படியும் வெளியே இருக்கிறது, மறுபடி இறக்கினால் மறுபடி கூலி. அதனால் இதையும் பார்த்துவிடலாம் என்று மெக்கானிக் சொல்வது ஏமாற்று இல்லை, நேர்மையான ஆலோசனை. அந்த ஆலோசனையில்தான் 5,000 என்று வந்த மதிப்பீடு 10,000-ஐத் தாண்டுகிறது. போதாததற்குக் காருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பொத்தான்களின் பூச்சு வயதானால் இளகி, விரலில் வெல்லப்பாகு மாதிரி ஒட்டும்.

திரும்பி வந்த செயின்

1999-ல் வந்த 360 மொடேனாவிலும் பெல்ட்தான். ஆனால் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள சுவரில் கழற்றக்கூடிய ஒரு மூடியை வைத்தார்கள். காருக்குள் உட்கார்ந்தபடியே பெல்ட்டை மாற்றலாம். ஒரு மூடி, அவ்வளவுதான். பத்து வருடமாக எஞ்சின் இறக்கிய கூலி அதோடு மிச்சம். 2004-ல் வந்த எஃப்430-ல் முற்றிலும் புதிய எஞ்சின். அதில் பெல்ட்டே இல்லை, மறுபடி செயின். வி8 வரிசையில் 1973-ல் தொடங்கிய பெல்ட் காலம் சுமார் 30 வருடத்தில் முடிந்தது.

2011-ல் ஃபெராரி இன்னொரு படி போனது. புதிய கார்களுக்கு 7 வருட வழக்கமான பராமரிப்பை விலையிலேயே சேர்த்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சலுகை காருக்கு உரியது, முதலாளிக்கு உரியது இல்லை. கார் கைமாறினால் சலுகையும் கூடவே போகும். அதாவது இரண்டாவது, மூன்றாவது சொந்தக்காரர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதைக் கம்பெனி தன் விலைப்பட்டியலிலேயே ஒப்புக்கொண்டது. இது தர்மகாரியம் என்று நான் நினைக்கவில்லை. பழைய காரை வாங்க ஆள் பயந்தால் மறுவிற்பனை விலை விழும். மறுவிற்பனை விலை விழுந்தால் புதிய கார் வாங்குபவர் யோசிப்பார். மூன்றாவது சொந்தக்காரரின் பில் கடைசியில் சுற்றிக்கொண்டு ஷோரூம் வாசலுக்கே வருகிறது. அது புரிய அவர்களுக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

செயின் வந்ததால் செலவு போய்விட்டதா என்றால், இல்லை, இடம் மாறியது. எஃப்430-ல் மேனிஃபோல்டு வெடிப்பு தொடர்ந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் துடுப்பு வைத்த எஃப்1 கியர்பாக்ஸின் கிளட்ச், நகர நெரிசலில் வேகமாகத் தேய்ந்தது. கார்பன் செராமிக் பிரேக் நீண்ட நாள் உழைக்கும். மாற்ற வேண்டி வந்தால் ஒரு செட்டின் விலை ஒரு சாதாரணக் காரின் விலை.

செலவு மென்பொருளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. 1990களில் மொத்தமே 106 கார்கள் தயாரான மெக்லாரன் எஃப்1-ஐ ஆராய, அந்தக் காலத்து காம்பேக் லேப்டாப் ஒன்று தேவைப்பட்டது. அதற்கென்றே செய்த அட்டை ஒன்று அந்த லேப்டாப்பில் மட்டும்தான் வேலை செய்யும். அதனால் 20 வருடம் கழித்தும் மெக்லாரன் பட்டறை அந்தப் பழைய லேப்டாப்களைத் தேடிப்பிடித்துப் பாதுகாத்துக்கொண்டிருந்தது. பெல்ட்டையாவது ரப்பர் தெரிந்தவர் யாராவது செய்துகொடுப்பார். கம்பெனியே கைவிட்ட மென்பொருளை யார் செய்துகொடுப்பார்? இன்றைய கார்களின் அடுத்த 20 வருடத்தை நினைத்தால் எனக்கு பெல்ட்டைவிட இதுதான் கவலையாக இருக்கிறது.

கடைசியாக

இப்போது எஃப்355-ன் விலை மறுபடி ஏறிவிட்டது. திறந்த இரும்புத் தட்டில் ‘க்ளிக்’ என்று விழும் கையால் மாற்றும் கியருக்காகவே, நல்ல நிலையில் உள்ள கார்களுக்கு 1,00,000 டாலருக்கு மேல் கொடுக்கிறார்கள். பில்லின் சதவீதம் மறுபடி குறைந்துவிட்டதால், எஞ்சினை இறக்கிச் செய்வதை இப்போது பெருமையாகப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அதே பெல்ட், அதே கூலி.

இந்த வகைக் கார்களில் அனுபவப்பட்டவர்கள் வாங்குவதற்கு முன் முதலில் கேட்பது ஓடிய கிலோமீட்டரையோ பெயின்டையோ இல்லை. பில் ஃபைல் எங்கே என்றுதான். கடைசியாக எஞ்சின் எப்போது இறங்கியது, யார் இறக்கினார்கள், அப்போது வேறு என்னென்ன மாற்றினார்கள், சிலிண்டர்களின் அழுத்தச் சோதனையில் என்ன வந்தது. தடிமனான ஃபைலோடு வரும் காருக்கு 10,000 டாலர் கூடக் கொடுப்பார்கள். ஃபைல் இல்லாத மலிவான கார் என்றால், முந்தைய சொந்தக்காரர்கள் கட்டாத பில்களையும் விலைக்கு வாங்குகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

செகண்ட் ஹேண்டில் எதை வாங்கினாலும், அது ஜெர்மன் செடானோ, 15 வருட அபார்ட்மென்ட்டோ, வேறு கம்பெனி எழுதிவைத்த மென்பொருளோ, இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். விற்பவர் ஃபைலை எடுத்துவர உள்ளே போகிறாரா, அல்லது பேச்சை மாற்றுகிறாரா என்பதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.